அளக்கிற வேலைக்குப் படிப்பு வந்த கதை



மலருக்கு ஆளுக்கொரு வரலாறு எழுதிக் கொடுக்கணும்னு செயலாளர் அக்கா சொன்னப்போ, மத்தவங்க எல்லாம் குழு ஆரம்பிச்ச கதை, முதல் கறவை மாடு வாங்கின கதைன்னு எடுத்துக்கிட்டாங்க. எனக்கு எங்க குழுவோட உள்கடன் நோட்டில் இருக்கிற ஒரு வரிதான் ஞாபகத்துக்கு வந்தது. 2022-ம் வருஷம், என் பேருக்கு நேரா, "தங்கை பயிற்சிக் கட்டணம், ரூ.28,000" என்று என் கையாலேயே எழுதினது. அந்தக் கடனை நூத்துக்கு ஒரு ரூபா வட்டியோட 14 மாசம் பால் காசில் கட்டி முடிச்சேன். பயிற்சியால ஒரு பிரயோஜனமும் இல்லை. ஏன் இல்லைன்னு தெரிஞ்சுக்கிறதுக்குத்தான் இந்த வரலாறு எனக்குத் தேவைப்பட்டது.

நான் படிச்சது பத்தாவதுதான். தங்கச்சி சொல்லச் சொல்ல எழுதி, வருஷம் எல்லாம் ரெண்டு பேரும் உட்கார்ந்து சரிபார்த்தோம். இங்கிலீஷ் பேருங்களை அவதான் எழுத்துக்கூட்டிச் சொன்னா.

அவ எங்க வீட்டுக் கடைக்குட்டி. எனக்கும் அவளுக்கும் 12 வயசு வித்தியாசம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடிச்சது கொரோனா நேரம். ஒரு வருஷம் வீட்டிலேயே இருந்தா. அப்போதான் ஓசூரில் ஒரு பயிற்சி நிலையத்தோட நோட்டீஸ் வந்தது. சி.எம்.எம். சாஃப்ட்வேர் கத்துக்கிட்டா உடனே வேலை, 20 நாள் படிப்பு, சர்டிபிகேட் உண்டுன்னு போட்டிருந்தாங்க.

சி.எம்.எம். என்றால் கோஆர்டினேட் மெஷரிங் மெஷின். கம்பெனியில் செய்த இரும்பு, அலுமினிய உதிரிபாகம் எல்லாம் டிராயிங்கில் போட்டிருக்கிற அளவுக்கு வந்திருக்கான்னு பார்க்கிற மெஷின். நம்ம வீட்டுல படியும் ஆழாக்கும் வைச்சு அளந்தோம், துணிக்கு முழம் போட்டோம். 1958 அக்டோபரில் இருந்து கொஞ்சம் கொஞ்சமா கிலோவும் மீட்டரும் வந்தது. ஆனா மெஷின் கம்பெனிக்காரங்களுக்கு மில்லிமீட்டரே பெரிய அளவு. அவங்க பேசுறது மைக்ரானில். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டா ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம்ம தலைமுடி ஒண்ணு சுமார் 70 மைக்ரான் கனம் இருக்கும். அதுல பத்துல ஒரு பங்கு தப்பினாலும் சில உதிரிபாகத்தைத் திருப்பி அனுப்பிடுவாங்களாம்.

இவ்வளவு நுணுக்கமா அளக்கிற வழி ஒரே நாளில் வந்திடலை. 1631-ல் பியர் வெர்னியர் என்பவர் காட்டின வழிதான் இன்னைக்கும் ஐ.டி.ஐ. பிள்ளைகள் கையில் வெர்னியர்னு இருக்கு. 1848-ல் பிரான்சு நாட்டில் பால்மர் என்பவர் ஸ்க்ரூ வைச்ச மைக்ரோமீட்டர் செய்தார். அதுக்கப்புறம் வந்தவரைத்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஸ்வீடன் நாட்டில் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த யோஹான்சன். 1896-ல் இவருக்கு ஒரு யோசனை. வேற வேற கனத்தில் சின்னச் சின்ன எஃகுக் கட்டைகள் செய்து வைச்சுக்கிட்டா, ரெண்டு மூணை ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டவைச்சு எந்த அளவையும் உண்டாக்கலாம்னு. 102 கட்டை கொண்ட செட்டு. அந்தக் கட்டைகளைத் தேய்ச்சு அளவுக்குக் கொண்டுவர வீட்டில் என்ன மெஷின் இருந்தது தெரியுமா? அவர் வீட்டுக்காரம்மாவோட தையல் மெஷின்! அதை மாத்தி அமைச்சுத்தான் தேய்ச்சிருக்கார். அந்தம்மா என்ன சொன்னாங்களோ. எங்க வீட்டுல யாராவது என் மெஷினைத் தொட்டிருந்தா நடக்கிறது வேற.

வெர்னியர், மைக்ரோமீட்டர், அளவுக் கட்டை இது மூணும் கையால் பழகிற வேலை. பக்கத்தில் நிக்கிற பெரிய ஆள் கையைப் பார்த்துத்தான் கத்துக்கணும். ரொம்ப அழுத்தினா ஒரு அளவு, லேசாப் பிடிச்சா ஒரு அளவு வரும். அதனால அந்தக் காலத்தில் அளக்கிறதுக்குன்னு தனிப் படிப்பு கிடையாது, தொழிலோட சேர்ந்தே வந்தது. நம்ம நாட்டிலும் அப்படித்தான். 1950-ல் ஐ.டி.ஐ.களுக்கான கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. 1961-ல் தொழில் பழகுநர் சட்டம், அதாவது அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. கேரளத்தில் தலச்சேரி பக்கம் நெட்டூர் என்ற ஊரில் சுவிஸ்காரங்க உதவியோட 1959-ல் ஆரம்பிச்சதுதான் என்.டி.டி.எஃப். 1962-ல் பெங்களூரில் மத்திய அரசோட சி.எம்.டி.ஐ. வந்தது, 1968-ல் ஐதராபாத்தில் சி.ஐ.டி.டி. இவங்க எல்லாருமே முதல்ல கருவியைக் கையில் கொடுத்து, டிராயிங்கைப் படிக்கச் சொல்லிக்கொடுத்து, அப்புறம்தான் மெஷின் பக்கம் விட்டாங்க.

சி.எம்.எம். பிறந்தது வெளிநாட்டில். 1950களில் ஸ்காட்லாந்தில் ஃபெரான்டி என்ற கம்பெனி, தானா ஓடுற மெஷின்களை உருவாக்கினாங்க. அந்த மெஷின் நிமிஷத்துல பொருளைச் செய்து தள்ளுது, அதைக் கையால் அளக்க மணிக்கணக்காகுது. அந்தச் சங்கடத்துக்குத்தான் அளக்கவும் ஒரு மெஷின் செய்தாங்க. 1963-ல் இத்தாலியில் டூரின் நகரத்து டி.இ.ஏ. கம்பெனி, நீளம், அகலம், உயரம் மூணு பக்கமும் நகர்ந்து அளக்கிற, வாசற்படி மாதிரி நிக்கிற மெஷினைக் கொண்டுவந்தது. 1972-ல் கான்கார்டு விமானத்தோட எஞ்சினுக்கு எரிபொருள் போற மெல்லிசுக் குழாயை அளக்கணும். கம்பியை வைச்சு அழுத்தினா குழாயே நகர்ந்திடுது. ரோல்ஸ் ராய்ஸில் வேலை செய்த டேவிட் மக்மர்ட்ரி, லேசா பட்டதுமே "தொட்டாச்சு"ன்னு சிக்னல் கொடுக்கிற ஒரு முனையைக் கண்டுபிடிச்சார். அதுக்குப் பேரு டச் புரோப். அடுத்த வருஷமே இன்னொருத்தரோட சேர்ந்து ரெனிஷா என்ற கம்பெனி ஆரம்பிச்சார். இன்னைக்கும் தங்கச்சி மெஷினில் அந்த முனையில் சிவப்பா ஒரு குண்டுமணி மாதிரி மாணிக்கக் கல் இருக்கு.

ஒரு நாள் கம்பெனியில் குடும்பத்தாரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. கருங்கல் மேசை, அதுக்கு மேல காத்துலயே மிதந்து நகர்ற பாலம், ரூமுக்குள்ள குளுகுளுன்னு ஏ.சி. ஆளுங்க சுகத்துக்கு இல்லைங்க அந்த ஏ.சி. ஒரு மீட்டர் எஃகு, வெப்பம் ஒரு டிகிரி ஏறினா சுமார் 11, 12 மைக்ரான் நீண்டுடும். அதனால 20 டிகிரியில் இருக்கிற அளவுதான் அளவுன்னு 1931-லேயே உலக நாடுகள் பேசி வைச்சிருக்காங்க. வெயில்ல வந்த உதிரிபாகத்தை உடனே மேசையில் வைக்கக் கூடாது, ஆற வைக்கணும். நம்ம தயிர் உறை ஊத்துற பக்குவம் மாதிரின்னு சொன்னேன், தங்கச்சி சிரிச்சா.

இனி சாஃப்ட்வேருக்கு வர்றேன். ஆரம்பத்தில் மெஷின் எண்ணை மட்டும்தான் காட்டும். ஆபரேட்டர் பேப்பரில் எழுதிக் கணக்குப் போடணும். 1970களில் கம்ப்யூட்டர் கூடச் சேர்ந்தது. ஒவ்வொரு கம்பெனியும் தன் மெஷினுக்குத் தனக்குன்னு ஒரு பாஷை வைச்சுக்கிட்டது. எல்லாருக்கும் பொதுவா ஒரு பாஷை வேணும்னு அமெரிக்காவில் முயற்சி பண்ணி, டி.எம்.ஐ.எஸ். என்ற தரத்தை 1990-ல் கொண்டுவந்தாங்க. அப்படியும் இன்னைக்கு சைஸ் கம்பெனிக்கு கலிப்ஸோ, மிட்டுடோயோவுக்கு எம்காஸ்மாஸ், ஹெக்ஸகானுக்கு பி.சி.டிமிஸ்னு வேற வேற சாஃப்ட்வேர்தான். ஒண்ணில் பழகினவங்க இன்னொண்ணுக்குப் போனா பட்டன் எல்லாம் வேற இடத்தில் இருக்கும்.

இங்கேதான் பயிற்சி ரெண்டாப் பிரிஞ்சது. மெஷின் விக்கிற கம்பெனிகளே, வாங்கினவங்களோட ஆட்களுக்குத் தங்கள் சாஃப்ட்வேரைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சாங்க. வழக்கமா 3 முதல் 5 நாள். முதல்நிலை, அப்புறம் மேல்நிலை. அந்த 5 நாளில் டிராயிங் படிக்கத் தெரியுமான்னு கேட்க மாட்டாங்க, தெரியும்னு நினைச்சுக்கிட்டுத்தான் தொடங்குவாங்க. அந்த அடிப்படை ஐ.டி.ஐ.யிலோ டூல் ரூமிலோ கம்பெனியிலோ கிடைச்சிருக்கும்னு கணக்கு. அடிப்படையும் இல்லாம, மெஷினும் இல்லாம, பட்டனை மட்டும் சொல்லிக்கொடுக்கிற கடைகள் பின்னாடி முளைச்சது. நாங்க மாட்டினது அதில்தான்.

அந்த நிலையத்தில் மெஷினே கிடையாது. 6 கம்ப்யூட்டர், அதில் லைசென்ஸ் இல்லாத சாஃப்ட்வேர். படத்தில் இருக்கிற உதிரிபாகத்தை மவுஸால தொட்டா அளவு வரும். 20 நாள்னு சொன்னது 13 நாளில் முடிஞ்சது. சர்டிபிகேட் கெட்டி அட்டையில் தங்க எழுத்தோட நல்லாத்தான் இருந்தது. அதை எடுத்துக்கிட்டு 3 கம்பெனிக்குப் போனா. மூணாவது கம்பெனியில் ஒரு பெரியவர் டிராயிங் ஒண்ணை முன்னாடி வைச்சு, "இதுல டேட்டம் எதும்மா?" என்று கேட்டிருக்கார். இவளுக்குத் தெரியலை. டிப்ளமோவில் கொரோனாவால பாதி பாடம் போன்லயே போச்சு. பயிற்சியில் அந்த வார்த்தையே வரலை. வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க அழுதா. என் வீட்டுக்காரர் கடன் பத்தி ஒண்ணும் கேக்கலை. கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்தது.

டேட்டம்னா என்னன்னு இப்போ எனக்கே தெரியும். கொத்தனார் வீடு கட்ட முதல்ல ஒரு மூலை வைச்சு நூல் கட்டுவார் இல்லையா, எல்லா அளவும் அங்கிருந்துதானே. அதே மாதிரி உதிரிபாகத்தில் எந்த முகத்தில் இருந்து அளக்கணும்னு டிராயிங்கில் குறிச்சிருப்பாங்க. அதை வைச்சு மெஷினுக்குப் பொருள் எப்படி உட்கார்ந்திருக்குன்னு சொல்லணும். அகலமான முகத்தில் 3 புள்ளி, பக்கவாட்டில் 2 புள்ளி, முனையில் 1 புள்ளி. இந்த 6 புள்ளியும் சரியா வைச்சாத்தான் மத்த அளவெல்லாம் சரியா வரும். தப்பா வைச்சாலும் மெஷின் சண்டை போடாது, தப்பான அளவைச் சுத்தமா பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும்.

இன்னொண்ணு அவ சொன்னது எனக்கு நல்லாப் புரிஞ்சது. நசுங்கின வளையல் ஒண்ணை எடுத்துக்குங்க. அதை 3 இடத்தில் தொட்டா, சாஃப்ட்வேர் அழகா ஒரு வட்டம்னு சொல்லிடும். ஏன்னா எந்த 3 புள்ளியை வைச்சும் ஒரு வட்டம் போட முடியும், அந்த மூணும் ஒரே கோட்டில் இல்லாம இருந்தாப் போதும். 8 இடம், 12 இடம்னு தொட்டாத்தான் நசுங்கல் வெளிய வரும். எத்தனை இடம் தொடணும், எங்கெங்க தொடணும்னு சாஃப்ட்வேர் சொல்லாது, ஆள்தான் முடிவு பண்ணணும். 28,000 ரூபாயில் எங்களுக்குக் கிடைக்காதது இதுதான்.

அப்புறம் அவ தப்பிச்சது பழைய சட்டத்தால். நான் மேல சொன்ன 1961 அப்ரண்டிஸ் சட்டத்தில் முதல்ல ஐ.டி.ஐ. மாதிரித் தொழில் படிச்சவங்கதான் இருந்தாங்க. 1973-ல் திருத்தம் பண்ணி டிப்ளமோ, டிகிரி படிச்சவங்களையும் சேர்த்தாங்க. சென்னை தரமணியில் அதுக்கு தென்மண்டல வாரியம் இருக்கு. ஒரு வருஷப் பயிற்சி, மாசா மாசம் உதவித்தொகை, அதில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுக்குது. நாம காசு கட்ட வேண்டாம், நமக்குக் காசு வரும். பாலிடெக்னிக் வாத்தியார் ஒருத்தர் சொல்லி 2023-ல் பதிஞ்சா. ஒரு உதிரிபாகக் கம்பெனியில் எடுத்தாங்க. முதல் 5 மாசம் சி.எம்.எம். ரூம் கதவைத் தாண்டி விடலை. வெர்னியர், மைக்ரோமீட்டர், கேஜ், டிராயிங்தான். "அக்கா, திரும்பவும் ஒண்ணாங்கிளாஸ்" என்று புலம்பினா. ஆறாம் மாசம் உள்ளே விட்டாங்க. 2024-ல் கம்பெனி செலவிலேயே பெங்களூருக்கு 5 நாள் அனுப்பினாங்க, மெஷின் செய்தவங்களோட பயிற்சிக்கு. இந்தத் தடவை அவங்க சொன்னது எல்லாம் புரிஞ்சதாம்.

அவ ரூமில் ஆபரேட்டர் 5 பேர், 4 பேர் பெண்கள். புரோகிராம் எழுதுறவங்க 2 பேர், ரெண்டு பேரும் ஆண்கள். ஆபரேட்டர் பொருளை வைச்சு, எழுதின புரோகிராமை ஓட்டுவாங்க. எழுதுறவங்க சம்பளம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. நம்ம பிள்ளைங்க அந்த ரூமுக்குள்ள போயிட்டாங்க, பட்டன் பக்கத்திலேயே நின்னுடுறாங்க. இவ அந்த இடத்துக்குப் போகணும்னு படிச்சுக்கிட்டு இருக்கா. ஜெர்மனியில் மெஷின் கம்பெனிகளும் கல்லூரிகளும் சேர்ந்து உண்டாக்கின ஆகோம் என்று ஒரு படிப்பு இருக்கு. எந்தக் கம்பெனி மெஷினுக்கும் பொருந்துற மாதிரி, மூணு நிலை, பரீட்சை உண்டு. அது அவளோட அடுத்த கனவு. இங்கிலாந்து அரசாங்கத்து அளவுக்கூடம் என்.பி.எல். என்று ஒண்ணு இருக்கு. சி.எம்.எம்.மில் எப்படித் திட்டம் போட்டு அளக்கணும்னு அவங்க எழுதின கையேடு இலவசமாவே கிடைக்குது. இங்கிலீஷ்தான். அகராதியைப் பக்கத்தில் வைச்சுக்கிட்டு ராத்திரி ஒரு பக்கம், ரெண்டு பக்கம்னு படிக்கிறா.

நான் பிறந்தது 1989. அதே வருஷம் செப்டம்பரில்தான் அப்போ ஒண்ணா இருந்த தருமபுரி மாவட்டத்தில், ஐஃபாட் நிதி உதவியோட முதல் மகளிர் குழுக்கள் தொடங்கினது. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-லதான். நான் பிறக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஓசூரில் கம்பெனிங்க வரிசையா வந்தது. 1980-ல் டி.வி.எஸ். 50 வண்டி, அந்தப் பத்து வருஷத்துக்குள்ளேயே டைட்டன் வாட்ச். டைட்டன் அப்போ பள்ளிக்கூடம் முடிச்ச சுத்துப்பட்டுப் பிள்ளைகளை எடுத்து, தானே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைச்சது. எங்க அம்மா அந்தப் பஸ் ரோட்டில் போறதைக் களை எடுத்துக்கிட்டே பார்த்திருக்காங்க. வாரம் 10 ரூபா சேமிச்ச குழுவில் அம்மா இருந்தாங்க. அந்தக் குழுவால கம்பெனிப் பயிற்சிக்குக் கடன் கொடுக்க முடியும்னு அப்போ யாரும் நினைச்சுக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க. இப்போ கொடுக்க முடியுது. அதனாலதான் எதுக்குக் கொடுக்கிறோம்னு பார்க்க வேண்டியிருக்கு.

இதை எழுத உட்கார்ந்த அவசரத்துக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க பக்கத்துத் தெரு அக்கா மகள் இந்த வருஷம் டிப்ளமோ முடிச்சிருக்கா. அதே நிலையம் இப்போ வேற பேரில், வேற தெருவில் நடக்குது. கட்டணம் 35,000. அந்த அக்கா குழுவில் கடனுக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க. வேண்டாம்னு ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வாய் வரலை. என் தங்கச்சிக்கு மட்டும் கொடுத்தீங்களேன்னு கேட்டா என்ன சொல்றது? அதனால பிரதிநிதி அக்காகிட்ட பேசி, கடன் கொடுக்கிறதுக்கு முன்னாடி குழுவில் ரெண்டு பேர் நேர்ல போய்ப் பார்த்துட்டு வரலாம்னு தீர்மான நோட்டில் எழுத வைச்சேன். தங்கச்சி எழுதிக் கொடுத்த கேள்விங்க என் பையில் இருக்கு. மெஷின் உங்ககிட்ட இருக்கா, ஒரு ஆளுக்கு எத்தனை மணி நேரம் தொட விடுவீங்க? சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் காட்டுங்க. டிராயிங்கும் டேட்டமும் எத்தனை நாள் எடுப்பீங்க? சொல்லிக்கொடுக்கிறவர் எந்தக் கம்பெனியில் அளந்திருக்கார்? உங்ககிட்ட படிச்ச 3 பேரோட நாங்க பேசலாமா? சி.எம்.டி.ஐ.யிலும், சி.ஐ.டி.டி.யோட சென்னைக் கிளையிலும் என்னென்ன பயிற்சி, எவ்வளவு கட்டணம்னு கேட்டு ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கவும் சொல்லியிருக்கா. அப்ரண்டிஸ் பதிவை அந்தப் பொண்ணு இந்த வாரமே பண்ணிடணும், அதுக்குப் பைசா செலவில்லை.

அக்காவுக்குக் கொஞ்சம் மனசு வருத்தம்தான். நேத்து குழாயடியில் என்னைப் பார்த்தும் பேசலை. கூட்டம் வர்ற வெள்ளிக்கிழமை. தங்கச்சி அன்னைக்கு ஷிப்ட் மாத்திக்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கா. வெர்னியரும், அந்தத் தங்க எழுத்து சர்டிபிகேட்டும் ரெண்டையும் எடுத்துட்டு வர்றாளாம்.